எல்லையைச் சுமந்து செல்லும் விளையாட்டு

மேசைக் கணினியில் கேம் ஆடிவந்த ஒருவர் கையில் ஏந்தி எங்கும் கொண்டு செல்லக்கூடிய கருவிக்கு மாறும்போது கருவி மட்டும்தான் மாறுகிறதா, விளையாட்டின் இயல்பும் உடன் மாறுகிறதா என்னும் வினா சமயத் தத்துவத்துக்கும் உரியது. டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹுய்ஸிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' நூலில், விளையாட்டு என்பது அன்றாட வாழ்விலிருந்து இடத்தாலும் காலத்தாலும் பிரித்து வரையப்பட்ட எல்லைக்குள் நிகழ்வது என்றும், அவ்வகையில் ஆடுகளத்துக்கும் புனித இடத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை என்றும் வாதிட்டார். அக்கருத்தை ஏற்றால், அறை மூலையில் அசையாது நிற்கும் மேசைக் கணினி கருவறையில் நிலைபெற்ற மூலவரின் இருப்பையும், 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், 2022இல் வந்த ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகள் வீதியுலா செல்லும் உற்சவரின் இருப்பையும் ஒத்தவை. ஒப்பிடப்படுவது இருப்பின் ஒழுங்கே அன்றித் தெய்வம் அன்று.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வினாவுக்கு ஒரு விடை ஆண்டுதோறும் நடந்தே செல்கிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், நவராத்திரி வழிபாடும் அங்கே சென்றது. எனினும் தெய்வங்களின் நிலையான இருப்பிடம் மாறவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலை முருகன் குதிரை வாகனத்திலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் எழுந்தருள, அரண்மனையில் கைமாற்றப்படும் மன்னரின் உடைவாள் முன்செல்ல, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி ஊர்வலம் திருவனந்தபுரத்தை அடைகிறது; விழா முடிந்ததும் திரும்பிவிடுகிறது. 1956 நவம்பர் 1இல் இம்மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்து, களியக்காவிளையில் மாநில எல்லை அமைந்த பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. கோயிலின் மதிலை உடன் கொண்டு போக முடியாது. ஆனால் மதில் செய்த வேலையை நாள், வரிசை, தங்குமிடம், திரும்பும் கடமை ஆகியவை வழி முழுவதும் செய்கின்றன.

எல்லை ஒருபுறம் இருக்க, ஆடுபவன் ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டவனா என்பதும் வினாவே. பிரம்ம சூத்திரம் உலகப் படைப்பை லீலை என்கிறது; லீலையாவது தனக்கென எதையும் வேண்டாமல் நிகழும் ஆடல். சைவ சித்தாந்தமோ இறைவனின் ஆடலாகிய ஐந்தொழிலை, உயிரைப் பிணித்த மலமாகிய அழுக்கை நீக்கும் அருட்செயலாகக் கொள்ளும். இரண்டிலும் ஆடுபவன் ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். கேம் ஆடும் மனிதனைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

மேசைக் கணினியில் நிறுத்திய கட்டத்திலிருந்தே பல கேம்களை ஸ்டீம் டெக்கில் தொடர முடிவதால், இடம் மாறினும் ஆட்டம் ஒன்றே என்பது தெளிவு. ஆகவே பெயர்ச்சியைக் குறையாகக் கருத இடமில்லை. மேசைக் கணினியின் முன் விடிய விடிய அமர்ந்தவர்களும் உண்டாதலால், நிலைத்த இடம் தானாகவே கட்டுப்பாட்டைத் தந்துவிடும் என்பதும் பிழை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒரு பொத்தானை அழுத்தி எந்நொடியிலும் உறங்கவைத்து, பேருந்து நிறுத்தத்திலோ உணவு மேசையிலோ மீண்டும் எழுப்பத்தக்க ஆட்டத்துக்குப் புறப்படும் நேரமும் இல்லை, திரும்பும் நேரமும் இல்லை. கையடக்கக் கருவி ஆட்டத்தை அதன் எல்லையிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்ல வழிசெய்கிறது. அந்த எல்லையை மீண்டும் வகுக்கும் பொறுப்பு முழுவதும் ஆடுபவரிடமே விடப்பட்டிருக்கிறது.