வெடிக்காத டயர்

காரின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு டன் இரும்பு, உள்ளே நாலைந்து உயிர், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம், எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்த நாலு உள்ளங்கைகள். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். ஏர்பேக் எத்தனை என்று கேட்டுக் கேட்டு கார் வாங்குகிறோம். காத்து எவ்வளவு வைக்கணும் என்றால் மட்டும் பஞ்சர் கடை அண்ணன் முகத்தைப் பார்ப்போம். அந்த எண் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலேயே ஒட்டியிருக்கும்.

டயரைப் பார்க்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம். பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து மேல்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நம் சட்டப்படி கார் டயரின் கணக்கு அங்கே முடிந்தது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லாத டயர் வேகத்தில் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும்.

சரி, இதில் அறம் எங்கே வருகிறது?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் ஒரே பொருளில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்பது பொருள். நேகல் ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறார். கொஞ்ச நாளாக பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவர். குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவந்தால் அவர் வாழ்நாள் குற்றவாளி. யாரும் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். அலட்சியம் இரண்டு கதையிலும் ஒன்றுதான். சட்டமும் விளைவைத்தான் பார்க்கிறது. கவனக்குறைவால் மரணம் என்றால் பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 106ஆவது பிரிவில் அது 5 ஆண்டு. மொட்டை டயரோடு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தவனுக்கு? போலீஸ் கண்ணில் பட்டால் அபராதம்.

எனக்கு உறுத்துவது தண்டனையில் உள்ள வித்தியாசம் அல்ல. அதிர்ஷ்டம் நமக்கு வாத்தியாராக மாறிவிடுவதுதான். “வெயில் காலத்துல காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி வெச்சுக்கங்க, சூட்டுல வெடிச்சிரும்” என்று சொல்லாத சித்தப்பா தமிழ்நாட்டில் உண்டா? உண்மை நேர்மாறு. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கலில்தான் சூடு ஏறி உள் அடுக்குகள் பிரிகின்றன. ஓடினால் அழுத்தம் கூடும் என்பது சரி. தூணில் உள்ள எண்ணே அதையும் கணக்கில் வைத்து, ஓடாமல் ஆறியிருக்கும் டயருக்காகச் சொன்னது. ஆனால் சித்தப்பா காற்றைக் குறைத்தார், திருச்சி போனார், வந்தார். ஒண்ணும் ஆகல. அந்த ‘ஒண்ணும் ஆகல’ அவருக்கு ஆதாரம் ஆகிவிட்டது. இருபது வருடமாக நல்ல மனதோடு அதை எல்லோருக்கும் வழங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால் மட்டுமல்ல, விழாமல் நூலிழையில் தப்பினாலும் உட்கார்ந்து ஏன் என்று எழுதுவோம். (எல்லா டீமும் செய்வதில்லை. செய்கிற டீமில் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.) சாலையில் அப்படி எழுத ஆளில்லை. மொட்டை டயரில் தப்பித்தவனுக்குத் தான் தப்பித்ததே தெரியாது. அன்று ரோட்டோரம் நடந்துபோனவருக்கும் தெரியாது.

ஆனாலும் ‘கவனமாக இருந்தால் போதும்’ என்று முடித்துவிட முடியவில்லை. போன மாதம் நாலு டயரையும் மாற்றினேன். ஏழு வருடப் பழசு. பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால் சட்டப்படி பழுதில்லை. ஆனால் இரண்டில் பக்கச் சுவர் வெடிப்பு விட்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் கழிப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அவை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பு பாலிஷ் அடித்து செகண்ட்ஸ் கடைக்கு.

வெடிப்பு விட்ட இரண்டையும் அறுத்துப் போடச் சொன்னேன். வாசலில் ஒரு பழைய ஆம்னி நின்றிருந்தது. ஸ்கூல் டிரிப் அடிக்கிற வண்டி.

“ஏன் சார் அறுக்கச் சொல்றீங்க? இன்னும் பத்தாயிரம் ஓடுமே” என்றார் அதன் டிரைவர்.

“சைடுல கிராக் விட்டிருக்கு அண்ணே. புள்ளைங்க போற வண்டி.”

“புதுசு நாலு போட்டா எனக்கு ஒரு மாச வருமானம் சார்.”

அவர் சொன்னது கணக்கு. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கடைப் பையன் கத்தியை எடுத்து வந்து இரண்டு டயரின் பக்கச் சுவரையும் கீறினான். டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுவரோரக் குவியலில் இருந்து வேறொரு டயரை உருட்டி இழுத்து, பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.