யாருடைய சுயாட்சி?

அமெரிக்காவின் புதிய பிரதேசங்களில் அடிமை வைத்துக்கொள்ளலாமா என்பதை அங்கே குடியேறிய வெள்ளையர்களே முடிவு செய்யட்டும், அதுதான் சுயாட்சி என்று 1854இல் ஒரு வாதம் கிளம்பியது. லிங்கன் அதை மறுத்தார். ஒருவன் தன்னை ஆண்டுகொண்டால் சுயாட்சி. கூடவே இன்னொருவனையும் ஆண்டால் அது கொடுங்கோன்மை என்றார்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசமாக வேட்புமனு போட விடவில்லை. மீறி ஜெயித்தவர்களை உடனே ராஜினாமா பண்ண வைத்தார்கள். கேட்டால் ஊர்க்கட்டுப்பாடு என்றார்கள். எந்த ஊர்? 'ஊர்' என்கிற அந்தச் சொல்லுக்குள்ளே சேரி என்றைக்கு இருந்தது? மேலவளவில் தலைவராகிக் காட்டிய முருகேசனை 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

அடிமை முறையை வெறுத்த லிங்கனே, கறுப்பருக்கு ஓட்டும் பதவியும் தருவதற்கில்லை என்று 1858இல் மேடையில் சொன்னவர்தான். சிலருக்காவது ஓட்டு வேண்டும் என்று வெளிப்படையாகப் பேச அவருக்கு 1865 ஆகிவிட்டது. விடுதலைக்குத் தலையாட்டுகிறவனும் அதிகாரத்தில் பங்கு கேட்டால் முகம் சுளிப்பான்.

இங்கே அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரம் 1843இலேயே போய்விட்டது. அந்த மூன்று ஊர்களில் தலித் தலைவர்கள் பதவியில் நிலைக்க 2006 ஆனது. அடிமை இல்லை என்பதோடு கணக்கு முடியாது. நம்மாளு கையெழுத்துக்காக ஊரும் வந்து காத்து நிக்கணும். அதுவரைக்கும் அது சுயாட்சி இல்லை, அவங்க ஆட்சி.