யார் வீட்டு நாதஸ்வரம்?

உங்களிடம் இருக்கிற ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். எடுத்த பிறகும் அது உங்களிடமே இருக்கிறது. ஒரு தூசு குறையவில்லை. நான் திருடனா, இல்லையா?

'இதிலென்ன திருட்டு!' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் கீபோர்டு பக்கம் போய்விட்டு வருவோம்.

கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழு பார்த்திருப்பீர்கள். மேடையில் நாதஸ்வர வித்வான் யாரும் இருக்க மாட்டார். ஆனால், பாட்டுக்கு நடுவே நாதஸ்வரம் கேட்கும். ஓரமாக நிற்கிற கீபோர்டுக்காரரின் கைங்கர்யம் அது. அவரிடம் இருப்பது அரேஞ்சர் கீபோர்டு. இடது கையால் கார்டு பிடித்தால் போதும், தாளத்தையும் பேஸையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வலது கைக்கு நூற்றுக்கணக்கான டோன்கள்.

கம்பெனி தருகிற டோனை அப்படியே அமுக்கினால் நம் ஊர்க் காதுக்கு ஒட்டாது. ஆகவே நம்மவர் ஷெனாயை எடுப்பார். அதன்மேல் ஓபோவைக் கொஞ்சமாகப் பூசுவார். விரல் வைத்ததும் ஒலி எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும், எடுத்த பிறகு எவ்வளவு நேரம் தங்க வேண்டும், அதிர்வு எப்போது சேர வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணாக மாற்றுவார். கமகத்துக்காக பிட்ச் பெண்ட் சக்கரம் எத்தனை ஸ்வரம் வளைய வேண்டும் என்பது தனிக் கணக்கு. இத்தனையும் செய்துவிட்டு, சேவ் பண்ண மறந்து வேறு டோனைத் தொட்டாலோ கரன்ட் போனாலோ, போச்சு! முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தக் காலத்து சிந்தசைஸர்களுக்கு நினைவாற்றலே கிடையாது. எந்தக் குமிழ் எந்த நிலையில் இருந்தது என்று பேப்பரில் படம் போட்டு வைத்துக்கொள்வார்கள். 1978-ல் அமெரிக்காவில் வந்த ப்ராஃபெட்-5, எல்லாக் குமிழ்களின் நிலையையும் நினைவில் வைத்து, ஒரு பட்டனில் திருப்பிக் கொடுத்தது. 1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. அதில் 32 டோன்களைச் சேமிக்கலாம், கார்ட்ரிஜில் போட்டு இன்னொருவரிடம் கொடுக்கவும் கொடுக்கலாம். வம்பு அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருஷமாகக் குழுவில் வாசிப்பவர். ஒருநாள் கடுமையான காய்ச்சல். பதிலுக்கு ஒரு பையனை ஏற்பாடு செய்து, தன் கீபோர்டையும் கொடுத்து அனுப்பினார். கச்சேரி பிரமாதம். முடிந்ததும் பையன் பென் டிரைவைச் செருகி, அண்ணனின் டோன்கள் அத்தனையையும் காப்பி எடுத்துக்கொண்டுவிட்டான். மூன்றே மாதத்தில் வேறொரு குழுவில், குறைந்த சம்பளத்துக்கு, அதே நாதஸ்வரம். வழக்கமாக இவரைக் கூப்பிடுகிற இரண்டு மண்டபங்கள் பையன் பக்கம் போய்விட்டன. கேட்டதற்கு, "அண்ணே, உங்க டோன் உங்ககிட்டயேதானே இருக்கு?" என்றானாம்.

நான் பி.காம். படித்தவன். எதையும் பேலன்ஸ் ஷீட்டில் வைத்துப் பார்ப்பது பழக்கதோஷம். கணக்கியலில் ஒரு விசித்திர விதி உண்டு. வியாபாரத்தில் நீங்களாகவே வளர்த்துக்கொண்ட குட்வில்லை சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது. விலை கொடுத்து வாங்கியதை மட்டும் ஏற்றலாம். அண்ணனின் ஏட்டில் கீபோர்டுக்கு ஒரு விலை இருக்கும், வருஷா வருஷம் தேய்மானமும் உண்டு. அதற்குள் அவர் ராத்திரி ராத்திரியாகத் திருத்தி வைத்த நாதஸ்வரத்துக்கு மதிப்பு சைபர். சட்டம் மட்டும் என்ன வாழ்கிறது? 1957-ம் வருஷத்து இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் மெட்டுக்கு இடமுண்டு, ஒலிப்பதிவுக்கு இடமுண்டு. கீபோர்டு டோன் என்று ஒரு வரிகூடத் தனியாகக் கிடையாது.

ஏட்டில் இல்லை, சட்டத்தில் இல்லை. ஆனால், இரண்டு மண்டபங்கள் போனது நிஜம்தானே? பையன் செய்தது தப்பு என்றுதான் நான் சொல்வேன். டோன் குறைந்ததா, கூடியதா என்பதே பேச்சில்லை. கீபோர்டை அவர் நம்பிக் கொடுத்தது வாசிக்க. அள்ளிக்கொண்டு போவதற்கு இல்லை.

அதற்காக, "அது என் சொத்து சார்" என்று அண்ணன் சொல்கிறபோது என்னால் முழுசாகத் தலையாட்டவும் முடியவில்லை. அந்த ஷெனாய் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஸ்டூடியோவில், ஒரு கலைஞர் மைக் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஊதியிருக்கிறார். அதைப் பதிவு செய்து சிப்பில் அடைத்தார்கள். அவருக்கு அன்றைய கூலி கிடைத்திருக்கும். ஆனால் கீபோர்டில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள், இருக்காது. டிஎக்ஸ்7-க்கு உதவிய கணித முறையை 1967-ல் கண்டுபிடித்தவர் ஜான் சௌனிங். அவர் வேலை பார்த்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பேடன்ட் வாங்கி யமஹாவிடம் பணம் பார்த்தது. முறைக்குச் சொந்தக்காரர் உண்டு, மூச்சுக்கு இல்லை! அதிலும் அண்ணனின் நாதஸ்வரம் ஒலிக்கிற மேடையில் நிஜ நாதஸ்வரக்காரருக்கு நாற்காலியே கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. பையன் புதிதாக ஒரு ஏசி ஹாலில் வாசித்தபோது அந்த நாதஸ்வரம் காதைக் கிழித்ததாம். அண்ணன் தன் குழுவின் மிக்ஸருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஏற்றபடி எண்களை வைத்திருந்தார். வேறு பெட்டியில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று பையனுக்குத் தெரியவில்லை. காப்பி எடுத்ததில் விடை வந்துவிட்டது, போட்ட கணக்கு வரவில்லை. கடைசியில் யாருக்கு போன் பண்ணினான் என்று நினைக்கிறீர்கள்? அண்ணனுக்கேதான். அவரும் நாலு திட்டு திட்டிவிட்டு, "ஃபில்டரை இறக்குடா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் அவருக்கு இரண்டு புக்கிங் வந்திருக்கிறது. இரண்டாவது மண்டபத்துக்கு யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவனைத்தான். வேற யாருக்கு சார் என் டோன் தெரியும்?"