கற்போனுக்கேற்பக் கற்பிக்கும் கணினி: ஓர் அறவியல் நோக்கு

கற்பித்தல் என்னுஞ் செயல் இருவரிடையே நிகழ்வது. கற்பிப்போன் தான் அறிந்தவற்றைக் கூறிவிடுவதால் மட்டும் அது நிறைவெய்துவதில்லை. கேட்போன் அதனை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றான் என்பதை அறிந்து, அதற்கேற்பத் தன் கூற்றை அமைத்துக்கொள்ளும்போதே அது கற்பித்தலாகின்றது. நன்னூலின் பொதுப்பாயிரத்திற் பாடஞ் சொல்லும் முறையினை விளக்கும் பவணந்தி முனிவர், மாணாக்கன் கொள்ளும் வகையினை ஆசிரியன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும், ஆசிரியனது உள்ளம் கோட்டமற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதையும் ஒருங்கே வலியுறுத்துகின்றார். முன்னையது திறன், பின்னையது அறம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைந்திருக்கும் எனப் பழைய மரபு எதிர்பார்த்தது. இன்று முன்னையதைக் கணினி ஏற்க முன்வந்துள்ளது. பின்னையதை ஏற்பவர் யார் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

கற்பிக்கும் பொறியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பயன் தரும். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் அமைத்த கற்பித்தற் பொறி, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு விடையும் சரியா பிழையா என்பதை உடனுக்குடன் அறிவித்தது. மாணவன் தன் வேகத்திற் செல்லலாம். ஆயின் செல்லும் பாதை யாவர்க்கும் ஒன்றே. 1960 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ திட்டம் பெருங் கணினியைக் கற்பித்தற் பணியில் ஈடுபடுத்தியது. 1970 இல் ஜெய்மி கார்பொனெல் விவரித்த ஸ்கொலர் என்னும் நிரல் தென் அமெரிக்கப் புவியியலைக் கற்பித்தது. அதிற் கணினி மாணவனை வினவியது போன்று மாணவனும் கணினியை வினவ முடிந்தது. 1995 இல் கோர்பெற், அண்டர்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையோ, மாணவன் அளிக்கும் ஒவ்வொரு விடையையுங் கொண்டு, குறித்த ஒரு திறனை அவன் பெற்றுவிட்டான் என்பதற்கான நிகழ்தகவைக் கணித்துச் சென்றது. அறியாதவன் ஊகித்துச் சரியான விடை தந்திருக்கலாம், அறிந்தவன் தவறியிருக்கலாம், இவ்விரண்டிற்கும் அம்முறை இடமளித்தது. கற்போனுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் அமைப்புகள் பலவற்றின் அடிப்படை இத்தகைய கணிப்பேயாகும்.

இம்முயற்சியை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. தனியாசிரியர் ஒருவரிடம் கற்ற மாணவரின் சராசரி அடைவு, வகுப்பறையிற் கற்றோரின் சராசரியிலும் ஏறத்தாழ இரு நியம விலகல் உயர்ந்திருந்ததென 1984 இல் பெஞ்சமின் புளூம் எழுதினார். அதாவது, அவர்களுட் சராசரி மாணவன் வகுப்பறை மாணவருள் 98 சதவீதத்தினரை விஞ்சி நின்றான். பிற்கால ஆய்வுகள் இத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2011 இல் கேர்ட் வான்லென் செய்த மதிப்பீட்டில், மனித ஆசிரியரின் தனிக் கற்பித்தல் ஏறத்தாழ 0.79 நியம விலகல் அளவும், படிமுறையாக உதவும் கணினி அமைப்புகள் 0.76 அளவும் பயன் தந்தமை புலனாயிற்று. எல்லா மாணவர்க்கும் தனியாசிரியரை அமர்த்தும் ஆற்றல் எந்நாட்டிற்கும் இல்லை. ஆகவே வசதி குறைந்த பகுதிகட்கே இவ்வமைப்புகள் பெரிதும் வேண்டப்படுவன என்று கூறுவது பொருத்தமாகவே தோன்றும். அக்கூற்றை அத்தகைய பகுதியொன்றிலேயே வைத்து நோக்குதல் தகும்.

மன்னார்த் தீவும் அதனையடுத்த பெருநிலக் கரையும் அண்மைக்காலக் கல்வி வரலாற்றில் இடையறவு பல கண்டவை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் மாவட்டத்து முஸ்லிம் பிள்ளைகளும் தம் பாடசாலைகளை இழந்தனர். பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். அதே ஆண்டில் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015 இலேயே மீண்டும் வந்து சேர்ந்தது. 2009 இல் முடிவுற்ற போர் மாந்தை மேற்கு, மடு, முசலி ஆகிய பகுதிகளின் குடும்பங்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தது. 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ போன்ற இணையத் தளங்கள் மாணவர்க்கு உதவ முன்வந்தன. ஆயின் வீட்டில் ஒரேயொரு கைப்பேசி உள்ள பிள்ளை அதனைக் கொண்டு தொழிலுக்குச் சென்ற தந்தை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை நீண்டது.

இத்தகைய சூழலிற் பேசாலையைச் சேர்ந்த ஒரு மாணவன், பின்னங்களைக் கற்பிக்கும் கணினி அமைப்பொன்றின் முன் அமர்ந்திருக்கின்றான் என்று கொள்ளலாம். இடையில் இரு மாதங்கள் அவன் பயிற்சி செய்யவில்லை. குடும்பம் தொழிலின்பொருட்டு வேறு கரைக்குச் சென்று, வாடியிற் தங்கியிருந்தமையே காரணம். மேலே குறிப்பிட்ட 1995 ஆம் ஆண்டு முறையின் மூல வடிவத்தில் மறதிக்கு இடமில்லை. ஒரு முறை பெறப்பட்ட திறன் பெறப்பட்டதே என்பது அதன் எடுகோள். எனவே திரும்பி வந்த மாணவன் தடுமாறும்போது, ‘முன்பு அறிந்தவன் இப்பொழுது மறந்தான்’ என்று அம்முறை கொள்ளாது. அவன் முன்னரும் உண்மையில் அறிந்திருக்கவில்லை என்றே தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். விடையளிக்க எடுத்த நேரத்தையுஞ் சேர்த்துக் கணிக்கும் அமைப்பாயின், மின்வெட்டினால் ஏற்பட்ட தாமதமும் சிந்தனைத் தாமதமாகவே பதிவாகும்.

மொழியும் இவ்வாறே. ‘அவை வந்தவை’ என்று வடபுலப் பேச்சு வழக்கில் மாந்தரைப் பன்மையிற் குறிப்பிடுதல் இயல்பு. எழுத்து வழக்கையே அறிந்த கணினி அதனை அஃறிணையாகக் கொள்ளும். கருத்தை விளங்கிக்கொண்ட மாணவன் கருத்து விளங்காதவனாகக் கணிக்கப்படுவான். இவ்விடத்து நிகழும் பிழை கணக்கிற் பிழையன்று. கணினி தான் கண்டவற்றைக் கொண்டு சரியாகவே கணிக்கின்றது. காணாதவை எவை என்பதை மட்டும் அது அறியாது.

இதன் விளைவு யாது? அமைப்பு மாணவனுக்கு எளிய வினாக்களை வழங்கத் தொடங்கும். அவன் அவற்றிற்குச் சரியாக விடையளிப்பான், பாராட்டுப் பெறுவான், மகிழ்வான். அமைப்பும் தன் தெரிவு பொருத்தமானதே என்று முடிவு செய்யும். பக்கத்து மாணவன் பின்னங்களைக் கடந்து அட்சரகணிதத்திற் புகும்போது, இவனோ தனக்கு எத்தீங்கும் நேர்ந்ததாக உணராது பின்தங்கியிருப்பான். தண்டிக்கப்பட்டவன் முறையிடலாம், தன் நிலைக்கேற்ப அன்புடன் நடத்தப்படுவதாக நம்புபவன் எதனை முறையிடுவான்? பொருந்துதல் என்னும் நற்பண்பு ஒருவனை அவனது இன்றைய நிலையிலேயே இருத்திவிடும் கருவியாக மாறுவது இவ்வாறுதான்.

‘பயன்படுத்துவோர்க்கு இணக்கமான’ அமைப்பு என்னும் தொடரும் இவ்விடத்து ஆராயத்தக்கது. வங்கிப் படிவத்தை நிரப்புபவர்க்கு இடர்ப்பாடு எதுவும் இல்லாதிருத்தலே இணக்கம். கற்போன் நிலை வேறு. பொத்தான் எங்குள்ளது என்று தேடும் இடர் வீணானது. அதனை நீக்குதல் அமைப்பாளரின் கடமை. தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றுவதும், விசைப்பலகையில் அவற்றைத் தேடித் தவிப்பதும் அத்தகையனவே. ஆயின், ஒரு கணக்கின் முன் விடை தோன்றாது நிற்கும் இடர் கல்வியின் உள்ளீடு. அதனையும் நீக்கிவிடும் அமைப்பு மாணவனுக்கு இணக்கமானதாயினும் அவனது கல்விக்குப் பகையாகின்றது. கணினி பிள்ளையை நெறிப்படுத்துவதற்கு மாறாகப் பிள்ளை கணினியை நெறிப்படுத்தவேண்டும் என 1980 இல் சீமோர் பப்பேர்ட் வாதிட்டமைக்கும் இவ்வேறுபாடே அடிப்படை. கற்போன் செய்பவனாக இருத்தல் வேண்டும். செய்யப்படும் பொருளாக அன்று.

பதிவு பற்றிய பிறிதொரு வினாவும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் நெடுங்காலம் மணலிலே எழுதிப் பழகினர். 1789 இற் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பாடசாலையைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார்; மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையுடன் அது ‘மதராஸ் முறை’ என இங்கிலாந்து சென்றது. மணலுக்கு ஒரு சிறப்புண்டு. பிழையாக எழுதிய எழுத்தைக் கை தடவி அழித்துவிடலாம். நேற்றைய பிழையை இன்றைய மணல் அறியாது. கணினியோ அனைத்தையுஞ் சேமிக்கின்றது. பிழை செய்தற்கு அஞ்சாத இடமே கற்றற்குரிய இடம். பத்து வயதிற் செய்த பிழைகளின் தொகுப்பு பதினாறு வயது மாணவனைத் தொடருமாயின், அது கல்விப் பதிவாக அன்றிக் குற்றப் பதிவாகவே அமையும்.

மனித ஆசிரியரும் இத்தகைய தவறுகளைச் செய்வதில்லையா என்று வினவலாம். செய்கின்றனர் என்பதே நேர்மையான விடை. மாணாக்கரை அன்னம், பசு எனவும், ஓட்டைக்குடம், எருமை எனவும் வகுத்துரைத்ததும் அதே நன்னூல்தான். பிள்ளையொன்றை முதல் வாரத்திலேயே ‘மொக்கு’ என முத்திரையிட்டு ஆண்டு முழுவதும் பின் வாங்கில் இருத்தும் ஆசிரியரும் உளர். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரையும் அறிதல் நல்லாசிரியர்க்கும் அரிது. கணினிக்குச் சாதியில்லை, ஊர்ப்பகையில்லை, சோர்வில்லை என்பதும் மெய்யே. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது. ஆசிரியர் தவறாகக் கணித்தால், ‘ஏன் என் பிள்ளையைப் பின்னுக்கு இருத்தினீர்கள்?’ என்று தாய் ஒருத்தி பாடசாலை வாயிலில் வந்து கேட்க முடியும். ஆசிரியர் பதில் கூறவேண்டும். கூறவியலாதபோது வெட்கப்பட வேண்டும். கணினியின் கணிப்பைக் குறித்து அத்தாய் யாரைக் கேட்பாள்? ஆசிரியர் அமைப்பைச் சுட்டுவார். அமைப்பைச் செய்தோர் தரவைச் சுட்டுவர். தரவோ அப்பிள்ளையின் விடைகளையே சுட்டும். முடிவிற் பழி பிள்ளையின் தலையிலேயே வந்து அமரும்.

மன்னார்க் கரையின் பழந்தொழில் ஒன்று இவ்விடத்துத் துணை செய்கின்றது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களை மையமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெருமளவில் நிகழ்ந்த முத்துக்குளிப்பில், கல் கட்டிய கயிற்றின் துணையுடன் ஒருவன் கடலடிக்கு இறங்குவான். மற்றொருவன் தோணியிலிருந்து கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவனை அவனாற் காண இயலாது. கயிற்றின் அசைவே அவனுக்குக் கிடைக்குஞ் செய்தி. கணினிக்குக் கிடைக்கும் விடைகளைப் போன்று அதுவும் குறைவான செய்தியே. எனினும் கயிறு பிடிப்பவன் சிப்பியைப் பொறுக்கித் தருவதில்லை. ஆழம் கண்டு அஞ்சி இடையிலேயே இழுத்துவிடுவதுமில்லை. குளிப்போன் இழுத்துணர்த்தும்போது தாமதியாது மேலே ஏற்றுகின்றான். தவறினால் இழக்கப்படுவது ஓர் உயிர் என்பதையும், கரையில் உள்ளோர்க்குத் தானே பதில் கூறவேண்டும் என்பதையும் அவன் அறிவான். அவனை நம்பத்தக்கவனாக்குவது அவனது நுண்ணுணர்வு மட்டுமன்று. அவன் ஏற்றிருக்கும் பொறுப்புமாகும்.

இதிலிருந்து அமைப்பாளர்க்குரிய நெறிகள் சில பெறப்படும். கணினி மாணவனைப் பற்றிக் கொண்டுள்ள கணிப்பு அவனுக்கும் ஆசிரியர்க்கும் விளங்கும் மொழியிற் காட்டப்படல் வேண்டும். ‘இஃது எனக்குத் தெரியும், சோதித்துப் பாருங்கள்’ என்று மாணவன் மறுத்துரைக்க வழியிருத்தல் வேண்டும். இடைவெளிக்குரிய காரணத்தை ஆசிரியர் பதிவு செய்யவும் கணிப்பைத் திருத்தவும் இயலவேண்டும். எளிய பாதை வழங்கப்படினும் மேற்பாதை அடைபடலாகாது. இணையமும் மின்சாரமும் இடையறும்போது பணி அழியாதிருத்தல் வேண்டும். பழைய பிழைகள் குறித்த காலத்தின் பின் அழிக்கப்படல் வேண்டும். பேச்சு வழக்கைப் பிழையென்று தள்ளாது, அதிலிருந்து எழுத்து வழக்கிற்கு அழைத்துச் செல்லல் வேண்டும். இவை யாவும் தொழில்நுட்பத்தால் இயலக்கூடியனவே. இவற்றைச் செய்யாதுவிடுதல் ஒரு தெரிவு. அத்தெரிவுக்கு அமைப்பாளரே பொறுப்பு.

அனைத்திலும் மேலாக, ஒவ்வொரு மாணவனது கணிப்புக்கும் பெயர் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் பொறுப்பேற்றிருத்தல் வேண்டும். பேசாலையிலோ முசலியிலோ கணினியின் முன் அமரும் பிள்ளைக்கு அதன் நுட்பம் பயன்படட்டும். அதனை மறுத்தல் நீதியாகாது. ஆயின் கொள்வோன் கொள்ளும் வகையைக் கணினி கணிக்கலாமேயன்றிக் கோட்டமற்ற உள்ளத்தை அது ஏற்க இயலாது. ஏனெனிற் கோட்டமுறும் உள்ளமே அதற்கில்லை. அவ்வறம் மனிதரிடமே எஞ்சி நிற்கின்றது. பிள்ளை ஆழத்தில் இறங்கும்போது கயிற்றின் மறுமுனை யாதேனும் ஒரு கையில் இருத்தல் வேண்டும். தோணியின் ஆணியில் அதனைக் கட்டிவிட்டு அகலுதல் கற்பித்தலாகாது.