வித்தையும் அற்புதமும்

அமெரிக்க ஊழியக்காரர் பீட்டர் பாப்பாஃப் 1980களில் தம் சுகமளிக்கும் கூட்டங்களில் முன்பின் தெரியாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்களுடைய விலாசத்தையும் நோயையும் பிசகாமல் சொல்வார். எல்லாம் கர்த்தர் வெளிப்படுத்தியது என்பார். 1986இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு சான் பிரான்சிஸ்கோ கூட்டத்துக்கு ரேடியோ ஸ்கேனருடன் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் கேட்டது பாப்பாஃபின் மனைவியின் குரல். வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த ஜெப அட்டைகளை அவர் வாசிக்க, கணவரின் காதுக்குள் இருந்த சின்னக் கருவி அதை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி போட்டுக் காட்டினார். இப்படி அம்பலப்படுத்துவது பக்தியைப் புண்படுத்துவதாகும் என்று சொல்வோர் உண்டு. பக்தியை வைத்துப் பிழைப்பவர்களிடமிருந்து அதை மீட்கும் வேலை இது என்றே நான் கருதுகிறேன்.

காதில் கருவி வைத்து வித்தை காட்டுவதில் பாவம் ஒன்றுமில்லை. டிக்கெட் வாங்கி வருபவர் ஏமாறச் சம்மதித்தே உட்காருகிறார். காட்சி முடிந்ததும் அவரிடமிருந்து எதுவும் பறிபோவதில்லை. பாப்பாஃபின் முன் நின்றவர்களோ சாவுக்குப் பயந்து வந்தவர்கள். சாத்தானிடமிருந்து விடுபட மாத்திரைகளை மேடையில் வீசுங்கள் என்று அவர் சொன்னதும் பலர் வீசினார்கள். கலைஞனும் கபடக்காரனும் கையாளும் உத்தி ஒன்றாகவே இருக்கலாம். எதிரில் இருப்பவரின் சம்மதம்தான் இருவரையும் பிரிக்கிறது. ராண்டியும் பொய் சொன்னவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 1979இல் செயிண்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அதீத சக்தி ஆய்வகத்துக்குள் இரண்டு இளம் மேஜிக்காரர்களை அவர் அனுப்பிவைத்தார். ஸ்பூனை மனோசக்தியால் வளைப்பதாக அவர்கள் நடித்தார்கள், ஆய்வாளர்களும் நம்பினார்கள். ஆனால் என்னென்ன முன்னெச்சரிக்கை தேவை என்று ஆய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதியவர் அதே ராண்டி. நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இளைஞர்களிடம் சொல்லியும் வைத்திருந்தார். 1983இல் அவரே எல்லாவற்றையும் வெளியிட்டார். இயற்கை, தன்னை ஆராய்பவரிடம் பொய் சொல்வதில்லை; மனிதர் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிக்கப் படிப்பு மட்டும் போதாது, கைவித்தை தெரிந்தவரும் கூட இருக்க வேண்டும்.

ஒருவர் பொய்யர் என்பதால் எல்லா அற்புதமும் பொய்யாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. ஆகாது. கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு ஸ்கேனரிடம் பதில் கிடையாது. ஆனால் "உன் விலாசம் எனக்குத் தெரிந்ததே கடவுளுக்குச் சாட்சி" என்று ஒருவர் சொல்லும்போது, அவர்தான் விசுவாசத்தைச் சோதனைக் களத்துக்கு இழுத்து வருகிறார். பொய்யானாலும் ஆறுதல் கிடைக்கிறதே என்ற வாதம் இன்னும் கனமானது. நோயாளியின் தவிப்பை அறிந்த எவரும் அதை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் அந்த ஆறுதலுக்கு விலையாக மருந்து போகிறது, சேமிப்பு போகிறது. சுகம் வராதபோது தன் விசுவாசம் போதவில்லை என்ற குற்ற உணர்வும் சேர்கிறது. உண்மையான ஜெபத்துக்கு இந்த விலை எதுவும் தேவையில்லை. ஆகவே போலியைத் தட்டிக்கேட்கும் பொறுப்பு நாத்திகரைவிட விசுவாசிக்கே அதிகம். 1987இல் திவாலான பாப்பாஃப், பின்னர் "அற்புத ஊற்றுநீர்" விளம்பரத்தோடு தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்தார்.