முடிந்ததை மீண்டும் வேண்டுதல்: பற்றா, அறமா?

சென்ற தைத் திங்கள் விடுமுறையில் குடும்பத்துடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். ஏரிக்கு வந்து தங்கும் பூநாரைகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். பாலத்தைக் கடந்து, கடலோரமாக உள்ள லைட்ஹவுஸ் குப்பத்தை அடைந்தோம். கலங்கரை விளக்கத்திற்கு அருகே ஒரு நிழலில் அமர்ந்து, கொண்டுசென்ற கட்டுச்சோற்றைப் பொழுது சாயுமுன் உண்டு முடித்தோம்.

அருகில் முதியவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்தவர். மகள் வீட்டிற்கு வந்திருப்பதாகச் சொன்னார். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு அவர்தம் தொழில் உடன்பாடன்று. ஆயினும் அவர் சொன்ன செய்தியொன்று இன்றளவும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்த ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைச் சில குப்பத்தார் தமக்குள் முறை வைத்துக்கொண்டுள்ளனர். அம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். முந்திய நாள் தமக்கு நல்ல பாடு அமைந்ததாக அவர் கூறவே, என் பேரன், “அப்படியானால் இன்றைக்கும் அங்கேயே போயிருக்கலாமே, ஐயா?” என்று கேட்டான்.

“நேத்து என் பாடு, தம்பி. இன்னிக்கு இன்னொருத்தன் பாடு. நல்லா கெடச்சுதுன்னு திரும்பவும் நானே போயி நின்னா, அவன் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?” என்றார் முதியவர்.

பேரன் வாயடைத்துப் போனான். அதற்குக் காரணம் உண்டு. அவன் ஆசையோடு பார்த்துவந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். அதனை மீண்டும் எடுக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டுள்ளனர்; அவனும் அவர்களுள் ஒருவன். வழி நெடுகிலும் அந்தக் குறையையே எங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

சிறுவனின் ஆசைதானே என்று இதனைத் தள்ளிவிடுதல் ஆகாது. முடிந்துபோன ஒன்றை மீண்டும் வேண்டும் என்று கேட்பது அன்பா, பற்றா? அது பற்றாயின், எல்லாச் சமயத்திலும் பற்றுதானா? இதனை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், இவ்வாறு கேட்டவர்கள் பெற்றது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடர் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தது. அன்பர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதிக் குவித்தனர். 1968 மார்ச்சில், தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அடுத்த ஆண்டே, 1969-ல், அது நின்றுவிட்டது. மற்றொன்று ‘ஜெரிகோ’. 2007-ல் அது நிறுத்தப்பட்டபோது, கதைநாயகன் இறுதியில் சொன்ன ஒரு சொல்லை நினைவூட்டும் வகையில், அன்பர்கள் இருபது டன்னுக்கும் மேலான வேர்க்கடலையை நிறுவனத்தின் வாயிலுக்கு அனுப்பி வைத்தனர். உண்ணும் பொருளை ஊடலின் மொழியாக்கியது முறையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிறுவனம் இணங்கியது, ஏழே பகுதிகள் மீண்டும் வந்தன. 2008 மார்ச்சில் அத்தொடர் இரண்டாம் முறையாக நிறுத்தப்பட்டது. மீட்டு வந்ததும் முடிந்தே தீரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் முன்னோர் இந்த மனநிலையை நன்கு அறிந்திருந்தனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் ஆர்த்த தியானத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று இஷ்ட வியோகம். விரும்பிய பொருள் பிரிந்தபின், அதனை மீண்டும் எப்படி அடைவது என்பதிலேயே மனம் விடாது உழலுவதுதான் அது. பொருள் பெரிதோ சிறிதோ என்று அங்கே கணக்கில்லை. இழந்தது அரசாயினும், ஞாயிற்றுக்கிழமைக் கதையாயினும், உழலும் மனம் ஒன்றே.

இதனை நான் நூலில் மட்டும் கண்டவன் அல்லன்; வீட்டிலும் கண்டேன். 1987 ஜனவரி 25-ஆம் நாள் தூர்தர்ஷனில் இராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியபோது, எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் இரண்டே. எங்கள் வீடு அவற்றுள் ஒன்று. என் தந்தையார் கூடத்தில் பாய் விரித்து அண்டை வீட்டாரை அமர வைப்பார். தமக்குத் தெரிந்த இந்தியைக் கொண்டு, பாதி கேட்டும் பாதி ஊகித்தும் தமிழில் சொல்லுவார். 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது, மக்களின் வேண்டுகோளை ஏற்று அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாகும் என்று அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அறிவித்தார். மார்ச் 28 முதல் நாள்தோறும் காலையும் இரவும் அது வந்தது. எண்பதைக் கடந்த என் தாயார், தந்தையார் அமரும் இடத்தருகே நாற்காலியைப் போடச் சொல்லி, ஒரு வாரம் விடாமல் பார்த்தார். எட்டாம் நாள், “போதும்ப்பா, நிறுத்து. கதை திரும்பி வந்துடுச்சு, உங்கப்பா வரலையே” என்றார்.

முடிந்த தொடரை வேண்டுகிறவர் உண்மையில் வேண்டுவது தொடரையன்று. அதனைப் பார்த்த நாளையும், உடனிருந்து பார்த்தவரையும், அன்று தாம் இருந்த வயதையும் வேண்டுகின்றனர். நிறுவனத்தார் மனம் வைத்தால் படம் திரும்பலாம். ஏனையவற்றைத் திருப்பித் தர எந்த நிறுவனத்தாலும் ஆகாது.

இராமகாதை நம் மரபிலும் உண்டன்றோ? ஏழாம் நூற்றாண்டினரான இரவிசேன ஆசாரியரின் பத்மபுராணத்தில் இராமன் பத்மன் எனப் பெறுகிறான். ஸ்ரீபுராணம் படித்தோர் இக்கதையைச் சற்று வேறாக அறிந்திருப்பர். பத்மபுராணத்தின்படி, அண்ணன் இறந்தான் என்ற பொய்யுரை கேட்ட அளவில் இலக்குவன் உயிர் துறக்கிறான். பத்மன் அதனை நம்ப மறுக்கிறான். தம்பியின் உடலை நீராட்டுகிறான்; உணவூட்ட முயல்கிறான்; தோளில் சுமந்து மாதக்கணக்கில் திரிகிறான். அவன்மேல் அன்புகொண்ட தேவர் இருவர், முன்பு அவனுடைய படைத்தலைவனாகவும் ஜடாயுவாகவும் இருந்தவர்கள், அவன் கண்ணெதிரே பட்ட மரத்திற்கு நீர் ஊற்றுகின்றனர், பாறையில் விதைக்கின்றனர், மணலைச் செக்கிலிட்டு எண்ணெய் தேடுகின்றனர். இது பேதைமை என்று பத்மன் கடிய, அவனுடைய தோளிலிருக்கும் சுமையை அவர்கள் சுட்டுகின்றனர். அவன் தெளிகிறான்; தம்பிக்கு ஈமக்கடன் செய்கிறான்; துறவு பூண்டு முத்தி எய்துகிறான். தம்பியின்மேல் கொண்ட அன்பை நூல் பழிக்கவில்லை. முடிந்தது என்பதை ஏற்க மறுத்த மோகத்தையே அது காட்டுகிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், ‘மீண்டும் வேண்டுதல் எல்லாம் மோகமே’ என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் அதே ‘ராமாயண்’ தொடர் நம்மை அவ்வாறு முடிக்க விடவில்லை.

ஐம்பத்திரண்டு பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அத்தொடர், மக்களின் விருப்பத்தால் எழுபத்தெட்டாக நீண்டு, 1988 ஜூலை 31-ல் முடிந்தது. பட்டாபிஷேகத்தோடு கதை நிறையும், உத்தர காண்டம் இடம்பெறாது என்ற நிலை அந்த ஆண்டில் தெரியவந்தபோது, பஞ்சாபின் ஜலந்தர் நகரத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது வடநாட்டு நகரங்கள் பலவற்றிற்கும் பரவியது. அவர்கள் வால்மீகி முனிவரைத் தம் குருவாகப் போற்றும் மக்கள். கைவிடப்பட்ட சீதைக்கு வால்மீகி அடைக்கலம் தருவதும், அவளுடைய மைந்தர் இருவரையும் வளர்த்துக் கல்வி தருவதும் உத்தர காண்டத்தில்தான் வருகின்றன. ஊரார் கண்ணுக்குக் கதை நிறைவாகவே முடிந்திருந்தது. இவர்கள் கண்ணுக்குத் தம் குருவின் இடம் விடுபட்டிருந்தது. அரசு இணங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் உத்தர ராமாயணம் ஒளிபரப்பாயிற்று.

இதனை இஷ்ட வியோகம் என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஊரின் அழுக்கையெல்லாம் சுமப்பவர்கள், நாடே பார்க்கும் ஒரு கதையில் தம் குருவுக்குரிய இடத்தைக் கேட்டனர். குப்பை தேங்கி நோய் பரவினால் குழந்தையும் முதியவரும் அல்லவோ துன்புறுவர் என்று கேட்பார் உண்டு. அக்கேள்வி நேரியது, பிறவுயிர்க்குத் தீங்கு நேரும் வழியை நம் அறம் ஒப்புவதில்லை. ஆனால், அதற்குமுன் அவர்கள் குரல் எவர் செவியில் விழுந்தது என்ற கேள்வியும் அதே அளவு நேரியது. வழியில் குறை கண்டு, கேட்டதன் நியாயத்தை மறைத்துவிடுதல் தகாது.

இவ்விடத்தில்தான் பழவேற்காட்டு முதியவரின் சொல் எனக்கு விளக்காயிற்று. ஒளிபரப்பு நேரமும் ஒரு பாடுதான். நேரத்திற்கும் எல்லை உண்டு. பணத்திற்கும் எல்லை உண்டு. என் நெஞ்சுக்கு இனித்தது என்பதற்காக ஒரு பழந்தொடரை நான் மீண்டும் அழைக்கும்போது, புதிதாகக் கதை சொல்ல வந்த ஒருவரின் பாட்டில் நான் வலை கட்டுகிறேனோ என்று எண்ண வேண்டும். 2020-ல் அந்த வழக்கு எழவில்லை. படப்பிடிப்புகள் நின்றிருந்தன, ‘மெட்டி ஒலி’ போன்ற பழைய தமிழ்த் தொடர்களும் வெற்றிடத்தை நிரப்பவே வந்தன. மற்ற நாள்களில் அவ்வாறு சொல்ல இயலாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் விரதம் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. இன்பத்திலும் என் பங்கைத் துய்த்தபின் எழுந்து இடம் விடுவது அதில் அடங்கும்.

பாட்டு முறைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. முறைப்பட்டியலில் பெயருள்ளவர்க்கே அங்கு நாள் கிடைக்கும், பெயரில்லாதவர்க்கு இல்லை. அதனால் எழும் மனத்தாங்கலும் அந்த ஏரிக்கரையில் உண்டு. ஜலந்தர் மக்கள் அத்தகையோர். தம் பாட்டைத் துய்த்துவிட்டு இன்னொரு நாள் கேட்டவர் அல்லர் அவர். பட்டியலிலேயே இடம் கேட்டவர். ஒரே ‘மீண்டும் வேண்டும்’ என்ற சொல் ஒருவர் வாயில் பற்றாகவும், மற்றொருவர் வாயில் அறமாகவும் ஒலிப்பது இதனால்தான்.

நம் சீவக சிந்தாமணியையும் இங்கே நினைக்கலாம். புலவர் உலகம் ஏறக்குறைய மறந்திருந்த அந்நூலை, உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி 1887-ல் அச்சேற்றினார். குடந்தைச் சமணர் அதனைத் தம் இல்லங்களில் பக்தியுடன் படித்துக் காத்து வந்தமையால், ஐயங்களைக் கேட்டுத் தெளிய அவருக்கு இடம் இருந்தது. படித்தோர் தம் சுவைக்காக மட்டும் காத்திருந்தால் நூல் அவர்களோடு முடிந்திருக்கும். ஏடு கொடுத்தும் பொருள் சொல்லியும், தம் வீட்டுப் பொருளை ஊர்ப் பொருளாக்கினர். அந்த மீட்பில் எவருடைய பாடும் பறிபோகவில்லை.

திரும்பும் வழியில் பேரன், “அப்படியென்றால் நான் கையெழுத்துப் போட்டது தவறா, தாத்தா?” என்று கேட்டான். தவறென்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் அவனிடம் வைத்தேன். நீ கேட்பது உனக்கு இன்னும் ஒரு நாள் இன்பமா, அல்லது விடுபட்ட ஒருவர்க்கு இடமா? அது திரும்பி வந்தால் யாருடைய பாடு குறையும்? வந்தபின் மீண்டும் முடியும்போது, மனம் கசக்காமல் விடை கொடுப்பாயா?

சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். “மூன்றாவதுதான் கஷ்டம், தாத்தா” என்றான்.

எனக்கும் அதுவே கடினம். என் தாயார் இப்போது இல்லை. அவர் அமர்ந்த நாற்காலி கூடத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. நிலையாமையைப் பற்றி எழுதுவது எளிது, அன்பர்களே. ஒரு நாற்காலியை நகர்த்துவது எளிதன்று. பன்னிரு சிந்தனைகளுள் நிலையாமையை முதலில் வைத்த பெரியோர், அதனை ஒரு நாள் எண்ணிவிட்டு விடச் சொல்லவில்லை. நாளும் எண்ணச் சொன்னார்கள். அதன் காரணம் இப்போது சற்றே விளங்குகிறது.