கூரையை அறுப்பவன் குற்றவாளியா?

பழைய கார் பிரியர்கள் மத்தியில் அமெரிக்காவில் ஒரு பேச்சு அடிபடும். ஒரு கார் ஒரே ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும் என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காரைத் துடைத்து, துணி போட்டு மூடி வைத்திருப்பவர்கள். எதிர்ப்பக்கம் நிற்கிறவன் கையில் ரம்பமும் கேஸ் வெல்டிங் டார்ச்சும் இருக்கிறது. அவன் 1949ஆம் வருஷத்து மெர்குரியின் தூண்களை அறுத்து, நாலு அங்குலத்தை எடுத்து எறிந்துவிட்டு, கூரையை மறுபடி கீழே வைத்துப் பற்றவைக்கிறான். முன்னவருக்கு இது கொலை. பின்னவனுக்கு இப்போதுதான் கார் பிறக்கிறது.

இதைக் காசு உள்ளவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. எது அசல், அதைத் தீர்மானிப்பது யார், அதைத் தொட எந்தக் கைக்கு உரிமை என்கிற கேள்வியெல்லாம் அந்தத் தகட்டில்தான் கிடக்கிறது. ஆனால் முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். வேலை தெரியாமல் தர்மம் பேசுவது நம் அறிவாளிகளுக்கு ரொம்பப் பழகிப்போன காரியம்.

கூரையை இறக்குவது டப்பா மூடியை இறக்குகிற மாதிரி இல்லை. முன்கண்ணாடித் தூண் சாய்ந்து நிற்கிறது. பின்பக்கம் கூரை வளைந்து இறங்குகிறது. நாலு அங்குலத் துண்டை எடுத்துவிட்டு நேர் கீழே இறக்கினால் மேல் தூணும் கீழ்த் தூணும் சந்திக்காது. ஒன்று தூணை இன்னும் சாய்க்கணும், இல்லாட்டி கூரையையே குறுக்கே வெட்டி, நடுவில் புதுத் தகடு வைத்து நீட்டணும். அறுக்கிறதுக்கு முந்தியே உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்துக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் கூரை போனதும் உடம்பு நெளியும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. கண்ணாடி வேறு பாடு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய வகையை அறுக்கலாம். சூடேற்றிக் கடினமாக்கிய வகையில் கை வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகப் போய்விடும். மெர்குரியின் பின்கண்ணாடி வளைந்தது, ஆகவே அதை அறுக்காமல் முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கிற வழக்கம் வந்தது.

தகடோ மெல்லிசு. ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் அப்பளமாகப் பொரிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று என்று பொறுமையாகப் போகணும். கேஸ் வெல்டிங்கின் தையல் மிருதுவானது. பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். பிற்பாடு வந்த மிக் வெல்டிங் வேகமானது, ஆனால் தையல் கெட்டி, தட்டினால் வெடிக்கும். கடைசியில் பள்ளங்களுக்கு ஈயம். பத்தில் ஏழு பங்கு ஈயம், மூன்று பங்கு வெள்ளீயம். உருகியும் உருகாமலும் களிமண் பதத்தில் நிற்கிற சூட்டில் வைத்து, எண்ணெயோ மெழுகோ தடவிய மரக்கட்டையால் தள்ளித் தள்ளிப் பூச வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் அத்தனையும் தரையில் ஒழுகிவிடும். அந்தக் கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி, என்று பேர் வந்ததே இதனால்தான். நம்மூர்ப் பட்டறையில் இதையெல்லாம் டிங்கர் வேலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இவ்வளவும் செய்கிறவனைத்தான் அழித்தவன் என்கிறார்கள். எதை அழித்தான்? கூரையின் உயரம் என்ன இயற்கை விதியா? கிறைஸ்லர் கம்பெனியின் தலைவராக 1935 முதல் 1950 வரை இருந்த கே.டி. கெல்லர், ஆண்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்காரும் அளவுக்குக் கூரை உயரமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கூரையின் உயரம் என்பது யாரோ ஒரு கனவானின் தொப்பி உயரம், அவ்வளவுதான். தொப்பி போடாத பையன் ஒருவன் அந்த உயரம் எனக்கு எதுக்கு என்று கேட்டால் அதில் என்ன பாவம்? மெர்குரி வேறு கம்பெனி, ஃபோர்டுடையது. அதன் கதையும் ஒன்றும் பத்தினிக் கதை இல்லை. 1949இலிருந்து 1951 வரை மெர்குரியும் சின்ன லிங்கனும் ஒரே உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டன. 1949 மெர்குரி மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். மூன்று லட்சத்தில் எது மூலம், எது படி? எம்.ஏ. வகுப்பில் பாடபேதங்களை வைத்துக்கொண்டு மூலபாடம் தேடிய நாட்கள் ஞாபகம் வருகிறது. கடைசிவரை கைக்குக் கிடைத்தது யாரோ ஒரு பதிப்பாசிரியரின் தீர்ப்புதான்.

இன்னொன்றையும் பாருங்கள். யுத்தத்துக்கு முன்னால் பெரும் பணக்காரன் காரை முழுசாக வாங்கவில்லை. டூசன்பர்க் ஜே என்கிற காரின் வெறும் சேஸிஸ் 1929இல் 8,500 டாலர். உடம்பு தனி. பாசடீனாவில் வால்டர் மர்ஃபி கம்பெனி மாதிரி இடங்களில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வார்கள். மர்ஃபி 1932இல் மூடியதும் அங்கே வேலை பார்த்தவர்கள் போமன் அண்ட் ஷ்வார்ட்ஸ் என்று தனியாக ஆரம்பித்து, கொஞ்ச காலமே ஓடிய கார்களைக்கூட வெட்டி வேறு உருவம் கொடுத்தார்கள். அதற்குக் கலை என்று பேர். பக்கத்திலேயே, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில், மெக்சிகோ வம்சாவளிப் பையன் பழைய செவர்லேயின் ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ இறக்கினால் அதற்குப் பேர் குற்றம். பேச்சுக்குச் சொல்லவில்லை. சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1950களின் கடைசியில் கலிபோர்னியா சட்டமே போட்டது. உடனே ரான் அகிரே என்பவர் 1959இல் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பு வைத்தார். போலீஸ் வந்தால் காரைத் தூக்கு, போனதும் இறக்கு! 1980களில் மெதுவாக ஊர்வலம் போவதையும் ஊர்கள் தடுக்கலாம் என்று ஆக்கினார்கள். இந்தத் தடைகளை நீக்கும் சட்டம் 2023 அக்டோபரில் கையெழுத்தாகி 2024 ஜனவரி 1இல்தான் அமலுக்கு வந்தது. ஒரு தலைமுறையே அபராதச் சீட்டோடு கிழவர்களாகிப்போன பிறகு.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். லின்வுட்டில் இரண்டு சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள், சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ். கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பம். 1952இல் பாப் ஹிரோஹாட்டா என்கிற ஜப்பானிய அமெரிக்க இளைஞர் தன் 1951 மெர்குரியைக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பத்தே வருஷம் முன்பு, 1942 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைக் கையில் தூக்க முடிந்ததோடு முகாம்களுக்கு அனுப்பிய தேசம் அது. வீடும் கடையும் காரும் அடிமாட்டு விலைக்குப் போன காலம். அந்தப் பெயரோடு ஒருவர் வந்து, இந்தக் கார் உங்கள் கம்பெனி கொடுத்த மாதிரி இருக்க வேண்டாம் என்கிறார். முன்னால் நாலு அங்குலம், பின்னால் ஏழு அங்குலம் கூரை இறங்கியது. நடுத்தூணே எடுபட்டது. பச்சையில் இரண்டு சாயல் பூசினார்கள். 1953இல் அதை அவரே இண்டியானாபோலிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்.

பிறகு கார் கை மாறி மாறி, 1959இல் ஒரு விடலைப் பையன் 500 டாலருக்கு வாங்கினான். பல வருஷம் கிடந்தது. கடைசியில் பழுதுபார்த்தபோது எந்த உருவத்துக்குக் கொண்டுபோனார்கள் தெரியுமா? ஃபோர்டு தொழிற்சாலை அனுப்பிய உருவத்துக்கு இல்லை. 1952இல் பாரிஸ் பட்டறை அறுத்து ஒட்டிய உருவத்துக்கு. இன்றைக்கு யாராவது அதில் தூணைத் திரும்ப வைத்துக் கூரையை உயர்த்தினால், அவனைத்தான் அழித்தவன் என்பார்கள். 2022 ஜனவரியில் ஏலத்தில் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலருக்குப் போனது. மாசுபட்டது என்று தள்ளிய உடம்பே மூலமாகிவிட்டது. தீசியஸின் கப்பல் என்று புளூடார்க் ஒரு கதை சொல்கிறார். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் அடித்துக்கொண்டார்களாம். பலகையை மாற்றிய தச்சனை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாகக் கதையில் இல்லை.

இதனால் அறுக்கிறவன் எல்லாம் புரட்சிக்காரன் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு அவர்களோடும் சண்டை இருக்கிறது. உலகத்தில் நாலைந்தே மிஞ்சியிருக்கிற வண்டியை அறுப்பவன் மூன்று லட்சத்தில் ஒன்றை அறுப்பவன் மாதிரி இல்லை. அவன் இன்னொருவரும் பார்க்க முடியாமல் செய்கிறான். அதைவிட மோசம் பாதியில் விடுகிறவன். ஆவேசத்தில் கூரையை அறுத்து, தூண் சேரவில்லை என்றதும் கைவிட்டு, கொல்லைப்புறத்தில் மழையில் துருப்பிடிக்க விடுகிறான். அறுத்ததைத் திருப்ப முடியாது என்று தெரிந்தே ரம்பத்தை எடுத்தவன், சேர்த்துக் கொடுக்கிற பொறுப்பையும் எடுத்துக்கொண்டவன்தானே? அப்புறம், மோசமான தையலை ஈயத்திலோ பட்டியிலோ மூடி, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கிறவன். கூரையின் தூண் வெறும் அலங்காரம் இல்லை, வண்டி உருண்டால் தலைக்கு மேல் நிற்பது அதுதான். வாங்கினவன் குழந்தைகளோடு அதில் போவான். அசல், கலப்படம் என்கிற வாதமெல்லாம் இங்கே எனக்கு இரண்டாம் பட்சம். தையல் பிடித்திருக்கா, இல்லையா?

ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். அதை அரத்தால் ராவ வேண்டுமே ஒழிய மிஷின் வைத்து அரைக்கக் கூடாது. அரைத்தால் தூசி மூச்சில் போகும், உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியதே 2017இல்தான். 1952இல் முகமூடி யார் போட்டார்கள்? அந்த வழுவழுப்பை ஏலக் கூடத்தில் தடவிப் பார்க்கிற கைக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

பெயர் விஷயமும் அப்படித்தான். தகட்டு வேலையில் கை சாமுடையது. படம் எடுத்து, எழுதி, ஊருக்குச் சொன்னவர் ஜார்ஜ். ஜார்ஜ் 2015வரை இருந்தார், உலகம் அறிந்த ஆளாக. சாம் 1967இலேயே, நாற்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் போய்விட்டார். 1966இல் தொலைக்காட்சியில் வந்த பேட்மொபைல் ஜார்ஜ் பாரிஸ் கார் என்றே அறியப்பட்டது. 2013இல் 46 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்குத் தகடு வெட்டியவர் பில் குஷன்பெரி என்கிற வேறொரு பட்டறைக்காரர். நான் விசாரித்த கார் பிரியர் இரண்டு பேருக்கும் அந்தப் பேர் தெரியவில்லை.